தோல்வியறியாத பதின்மூன்று ஆண்டுகள்

விளையாட்டிலே வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வருதல் இயல்பு. இன்று வென்றவர் நாளை தோற்பர். இன்று தோற்றவர் நாளை வெல்வர். இம்மாற்றம் இருப்பதனாலேயே விளையாட்டு விளையாட்டாக இருக்கின்றது. முடிவு முன்னரே தெரிந்துவிட்டால் ஆடுவோருக்கும் ஊக்கமில்லை, பார்ப்போருக்கும் இன்பமில்லை. ஆயினும் ஒரு கல்லூரி அணி பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒரு போட்டியிலேனும் தோற்காமல் இருந்ததுண்டு. 252 போட்டிகளில் அது தொடர்ச்சியாக வெற்றி பெற்றது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வரலாற்றில் இதனிலும் நீண்ட வெற்றித் தொடர் வேறில்லை என்பர். அவ்வணி எவ்வாறு எழுந்தது, அத்தொடர் எவ்வாறு முடிந்தது, முடிந்தபின் என்ன நிகழ்ந்தது என்பன அறிதற்குரியன.

அந்த அணி ஸ்குவாஷ் எனப்படும் சுவர்ப்பந்தாட்ட அணியாகும். அது திரினிற்றிக் கல்லூரியைச் சேர்ந்தது. இப்பெயரைக் கேட்டவுடன் இலங்கை நேயர்களின் மனம் கண்டி நகரத்துத் திரித்துவக் கல்லூரியை நாடுதல் கூடும். ஈண்டுக் குறிப்பிடப்படுவது அதுவன்று. ஐக்கிய அமெரிக்காவின் கொனெக்ரிக்கற் மாநிலத் தலைநகரமாகிய ஹாட்போட்டிலே 1823ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கல்லூரி இது. காப்புறுதிக் கம்பனிகள் மலிந்த நகரம் ஹாட்போட். எழுத்தாளர் மார்க் ட்வெயின் பல்லாண்டுகள் வாழ்ந்த நகரமும் அதுவே. அங்குள்ள திரினிற்றிக் கல்லூரியில் ஏறத்தாழ 2,200 மாணவரே பயில்கின்றனர். ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் முதலிய பெரும் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடுமிடத்து, மலையருகே நிற்கும் குன்று போன்றதே அது. அந்தக் குன்றுதான் பதின்மூன்று ஆண்டுகள் மலைகளையெல்லாம் வென்று நின்றது.

சுவர்ப்பந்தாட்டத்தை அறியாதார்க்கு அதன் அமைப்பைச் சிறிது விளக்குதல் பொருந்தும். நான்கு புறமும் சுவர் சூழ்ந்த கூடமொன்றில் இருவர் மட்டையேந்தி நிற்பர். கூடத்தின் நீளம் 32 அடி. அகலம் 21 அடி. 40 மில்லிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ 24 கிராம் நிறையும் உடைய சிறிய இறப்பர்ப் பந்தை இருவரும் மாறி மாறி முன்சுவரில் அடிப்பர். சுவரின் அடியிலே 19 அங்குல உயரத்துக்குத் தகரம் எனப்படும் பட்டையொன்று உண்டு. பந்து அதன்மேற் பட்டால் அடித்தவர் அப்பந்தை இழந்தார். பந்து நிலத்தில் இருமுறை விழுமுன் எதிராளி அதனைத் திருப்பி அடித்தல் வேண்டும். குளிர்ந்த நிலையில் இப்பந்து களிமண் உருண்டை போல் எழும்பாது கிடக்கும். அடிபட்டு அடிபட்டுச் சூடேறிய பின்னரே அது துள்ளும். ஆகவே ஆட்டம் தொடங்குமுன் இருவரும் பந்தைச் சிறிது நேரம் அடித்துச் சூடேற்றுவது வழக்கம்.

இவ்வாட்டம் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹறோ பாடசாலையிலே தோன்றியது. அங்கிருந்து பிரித்தானியப் படைவீரரோடும் உத்தியோகத்தரோடும் இந்தியா, எகிப்து முதலிய நாடுகளுக்குச் சென்றது. துரைமாருடைய கழகங்களில் பந்து பொறுக்கிய ஏழைச் சிறுவர் காலப்போக்கில் துரைமாரையே வெல்லும் வீரராயினர். பெஷாவர்ப் பகுதியிற் பிறந்த ஹாஷிம் கான் 1951ஆம் ஆண்டில் பிரித்தானிய திறந்த சுற்றுப்போட்டியில் வாகை சூடியமை அவ்வரலாற்றின் சிகரமாகும். அவருடைய ஊர்வழி வந்த ஜஹாங்கீர் கான் 1981 தொடக்கம் 1986 வரை ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தனியாட்டத்தில் தோல்வியே காணாதிருந்தார். நியூசீலாந்தைச் சேர்ந்த றொஸ் நோர்மன் என்பவரே அத்தொடரை முறித்தார்.

அமெரிக்காவிலோ இவ்வாட்டம் வேறொரு வழியிற் சென்றது. 1884ஆம் ஆண்டளவில் நியூ ஹாம்ஷயர் மாநிலத்துப் புனித பவுல் பாடசாலையில் இதற்கான கூடங்கள் அமைக்கப்பட்டன. காலப்போக்கில் அமெரிக்கர் கடினமான பந்தையும் பதினெட்டரை அடி அகலமான ஒடுங்கிய கூடத்தையும் தமக்கென வகுத்துக்கொண்டனர். உலகின் ஏனைய நாடுகள் மென்பந்தால் அகன்ற கூடத்தில் ஆடின. இதன் பயனாக, பிறநாட்டு வீரர் அமெரிக்கக் கல்லூரிக்கு வந்தாலும் அங்குள்ள ஆட்டம் அவருக்குப் புதிதாகவே இருந்தது. உள்நாட்டுச் செல்வர் பாடசாலைகளிற் பயின்று வந்த மாணவரே கல்லூரி அணிகளை நிரப்பினர். ஹாவாட் முதலிய பழைய பல்கலைக்கழகங்களே பட்டங்களைப் பகிர்ந்துகொண்டன. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகளும் மென்பந்துக்கும் அகன்ற கூடத்துக்கும் மாறின. அன்று ஒரு கதவு திறந்தது. அக்கதவின் வழியே முதலில் நுழைந்தவர்களுள் ஒருவர் போல் அசியான்ரி.

அசியான்ரி 1994ஆம் ஆண்டில் திரினிற்றியின் பயிற்சியாளராக வந்தார். அதற்கு முன்னர் அவர் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிற் பயிற்சியாளராகக் கடமையாற்றியவர். உடற்பயிற்சிக் கலையிலே தேர்ந்திருந்த அவர் சுவர்ப்பந்தைப் பிற்காலத்திலேயே கற்றுக்கொண்டார் என்பது வியப்புக்குரியது. தாமே பெரிய வீரராய் இருந்தவர் சிறந்த ஆசிரியராகவும் இருப்பார் என்று உலகம் எண்ணுகின்றது. உண்மை பெரும்பாலும் அவ்வாறன்று. எளிதிற் கற்றவனுக்குப் பிறருடைய தடுமாற்றம் விளங்காது. வருந்திக் கற்றவனுக்கு அது நன்றாக விளங்கும்.

அக்காலத்தில் கல்லூரியின் தலைவராயிருந்த எவன் டொபெல் என்பார் ஒரு விளையாட்டிலேனும் தம் கல்லூரி நாட்டின் முதலிடத்தைப் பெறவேண்டுமென விரும்பினார். அசியான்ரி உலகத்தை நோக்கித் தம் பார்வையைத் திருப்பினார். முதலில் இங்கிலாந்திலிருந்து மார்க்கஸ் கௌவி என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். பின்னர் சுவீடன், பாக்கிஸ்தான், இந்தியா, கொலம்பியா, சிம்பாப்வே எனப் பல நாடுகளிலிருந்தும் மாணவர் வந்தனர். உலகத் தரத்தில் இளையோர் ஆட்டத்திலே பெயர் பெற்றவர் பலர். தொழின்முறை ஆட்டக்காரராகி நிச்சயமற்ற வாழ்க்கை நடத்துவதா, கல்வியைத் தொடர்வதா என்று தயங்கி நின்ற அவ்விளைஞருக்கு இரண்டையும் ஒருங்கே தரும் இடமாகத் திரினிற்றி அமைந்தது.

இதனைக் குறைகூறியவரும் உளர். கல்லூரி விளையாட்டு உள்நாட்டு மாணவருக்கே உரியதென்றும், வெளிநாட்டு வீரரைத் திரட்டிப் பெறும் வெற்றி வெற்றியாகாதென்றும் அவர்கள் வாதித்தனர். மறுதரப்பினர் கூறிய விடையும் சிந்திக்கற்பாலது. திரினிற்றி சேர்ந்திருந்த மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுத் திறமைக்கெனப் புலமைப்பரிசில் வழங்குதல் விதிக்கு மாறானது. குடும்பத்தின் வறுமை நோக்கியே உதவி வழங்கப்பட்டது. வந்த மாணவர் ஏனையோரைப் போன்று பாடங்களைக் கற்றுப் பரீட்சையிலும் தேறவேண்டியிருந்தது. அன்றியும், சில ஆண்டுகளுக்குள் யேல், பிறின்ஸ்ரன், ஹாவாட் ஆகியனவும் அதே வழியைப் பின்பற்றி எகிப்து, மெக்சிக்கோ முதலிய நாடுகளின் இளைஞரைத் தம்மிடம் ஈர்த்தன. குறைகூறியோரின் கல்லூரிகளும் கதவைத் திறந்துகொண்ட பின்னர் வாதம் தானே தணிந்துவிட்டது.

கல்லூரிப் போட்டியின் ஒழுங்கும் அறியத்தக்கது. ஓர் அணியில் ஒன்பது பேர். திறமை வரிசைப்படி முதலாம் நிலை தொடக்கம் ஒன்பதாம் நிலை வரை அவர்கள் நிறுத்தப்படுவர். ஓர் அணியின் முதலாமவர் மற்ற அணியின் முதலாமவரோடும், ஒன்பதாமவர் ஒன்பதாமவரோடும் ஆடுவர். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐந்து கட்டங்கள் வரை உண்டு. மூன்றை வென்றவர் ஆட்டத்தை வென்றார். ஒன்பது ஆட்டங்களுள் ஐந்தை வென்ற அணி போட்டியை வென்றது. இங்கே ஒரு நுட்பம் உளது. முதலாம் நிலையில் நிற்கும் உலகப் புகழ் வீரர் பெறும் வெற்றிக்கும், ஒன்பதாம் நிலையில் நிற்கும் பெயரறியாத மாணவர் பெறும் வெற்றிக்கும் பெறுமதி ஒன்றே. ஆகையால் ஓரிரு மேதைகளை மாத்திரம் வைத்துக்கொண்டு ஓர் அணி வெல்லமுடியாது. வரிசையின் அடியில் நிற்பவனே பல வேளைகளில் அணியின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றான்.

இவ்வரிசையில் இடம்பெறுவதற்கு ஓர் அணியின் மாணவர் தமக்குள்ளேயே ஆடுதல் வேண்டும். ஐந்தாமவரை ஆறாமவர் வென்றால் இடம் மாறும். ஒன்பதாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இடையே உள்ள வேற்றுமை, ஆடுபவனுக்கும் பார்வையாளனுக்கும் இடையே உள்ள வேற்றுமை. காலையில் ஒருவரையொருவர் வீழ்த்த முயன்ற நண்பர்கள் மாலையில் தோளோடு தோள் நின்று அணிக்காக ஆடவேண்டும். பயிற்சியாளருக்குரிய கடினமான வேலை பந்தடிக்கக் கற்பிப்பதன்று. இவ்விரு மனநிலைகளையும் ஒரே உள்ளத்தில் வாழச் செய்வதாகும்.

திரினிற்றி 1998ஆம் ஆண்டு பெப்ருவரியில், நாட்டுப் பட்டத்துக்கான இறுதிப் போட்டியில், ஹாவாட்டிடம் தோற்றது. அடுத்த தோல்வி வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளும் பதினொரு மாதங்களும் சென்றன. 1999 முதல் 2011 வரை பதின்மூன்று முறை தொடர்ச்சியாக அவ்வணி நாட்டுப் பட்டத்தைச் சுவீகரித்தது. முதல் எட்டு அணிகள் மோதும் சுற்றுப்போட்டியின் பரிசாகிய பொற்றர் கிண்ணம் ஆண்டுதோறும் ஹாட்போட்டுக்கே சென்றது.

தொலைவிலிருந்து எண்ணிக்கையை மட்டும் நோக்குவார்க்கு இவ்வெற்றிகள் எளிதாக வந்தன போலத் தோன்றும். அருகிருந்து பார்த்தோர் அவ்வாறு கருதார். 2006ஆம் ஆண்டில் பிறின்ஸ்ரனில் நடைபெற்ற போட்டியில் இரு அணிகளும் நான்கு ஆட்டங்கள் வீதம் வென்று சமநிலையில் நின்றன. எஞ்சியிருந்தது ஓர் ஆட்டம். ஒருபுறம், எகிப்து நாட்டவரும் தனியாட்டத்திலே கல்லூரிப் பட்டத்தை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர் என்னும் பெருமையைப் பின்னர் நிறைவு செய்தவருமான யாசிர் எல் ஹலபி. மறுபுறம், சுவீடனிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் குஸ்தாவ் டெற்றர். எல் ஹலபி வெற்றியின் வாயிலிலே நின்றார். தோல்வியின் விளிம்பிலிருந்து ஒவ்வொரு பந்தாகப் போராடிய டெற்றர் ஆட்டத்தை ஐந்தாங் கட்டம் வரை இழுத்துச் சென்று அதனையும் வென்றார். திரினிற்றியின் தொடர் மயிரிழையிலே தப்பியது.

2009ஆம் ஆண்டு பெப்ருவரி 22ஆந் திகதி நடைபெற்ற இறுதிப் போட்டி இதனினும் கடுமையானது. எதிரணி அதே பிறின்ஸ்ரன்; களமும் அவர்களுடையதே. அன்றும் நான்குக்கு நான்கு என்ற நிலை. எஞ்சியிருந்தது முதலாம் நிலை ஆட்டம். திரினிற்றியின் பாசித் சௌத்திரி பாக்கிஸ்தானியர், நெடிய உருவினர். பிறின்ஸ்ரனின் மொரீசியோ சான்செஸ் மெக்சிக்கோ நாட்டவர். கல்லூரித் தனியாட்டப் பட்டத்தை முன்னர் வென்றவர். இருவரும் இரண்டிரண்டு கட்டங்களை வென்று ஐந்தாங் கட்டத்துக்கு வந்தனர். அக்கட்டத்தில் சான்செஸ் ஐந்து புள்ளிகள் பெற்றுவிட்டார், சௌத்திரிக்கு ஒன்றுமில்லை.

அந்நாளில் கல்லூரிப் போட்டிகளிற் கைக்கொள்ளப்பட்ட புள்ளிமுறை இன்றுள்ளதன்று. தொடக்க அடியை அடிப்பவருக்கு மாத்திரமே புள்ளி கிடைக்கும். மற்றவர் பந்தை வென்றால் தொடக்க அடியின் உரிமையைப் பெறுவாரேயன்றிப் புள்ளியைப் பெறார். ஒன்பது புள்ளி பெற்றவர் கட்டத்தை வென்றார். ஐந்துக்குச் சுழியம் என்ற நிலையில் பின்தங்கியவர் முதலில் உரிமையை மீட்கவேண்டும். பின்னர் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஈட்டவேண்டும். சூழ நின்ற பிறின்ஸ்ரன் மாணவர் தம் பதினாறாண்டு காத்திருப்பு முடிந்ததென்றே எண்ணினர். அந்நிலையில் சௌத்திரி உரிமையை மீட்டார். ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் ஏறின. சான்செஸ் ஐந்திலேயே நின்றார். சௌத்திரி ஒன்பதாவது புள்ளியை அடித்தபோது திரினிற்றி தன் பதினோராவது பட்டத்தைப் பெற்றது.

இப்போட்டியை நடுநாயகமாக வைத்து அசியான்ரி, ஜேம்ஸ் சக் என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து 2010ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கர்ச்சனையை நோக்கி ஓடுக என்பது அந்நூலின் தலைப்பின் கருத்தாகும். சிங்கக் கூட்டம் வேட்டையாடும்போது முதிர்ந்த சிங்கம் ஒரு பக்கத்தில் நின்று கர்ச்சிக்குமாம். அஞ்சிய மான்கள் எதிர்ப்பக்கம் ஓடும். அங்கேதான் வேட்டையாடும் பெண் சிங்கங்கள் பதுங்கியிருக்கும். கர்ச்சிக்கும் சிங்கத்துக்கோ பல்லுமில்லை, வலிமையுமில்லை. ஆகவே அச்சம் எங்கிருந்து வருகின்றதோ அத்திசையை நோக்கி ஓடுவதே பிழைக்கும் வழி என்பது அவர் தம் மாணவருக்குக் கூறும் கதை. அந்நூலில் அவர் வெற்றிகளை மட்டும் எழுதவில்லை. பிறர் பிள்ளைகளைச் செவ்வனே வழிநடத்திய தாம், தந்தை என்ற நிலையிலே பட்ட துயரத்தையும் மறைக்காமல் எழுதினார். வெற்றிப் பட்டியலை மட்டும் எதிர்பார்த்து நூலைத் திறந்த பலருக்கு அப்பகுதியே நெஞ்சில் நின்றது.

நெடுநாள் வெற்றியில் இன்னோர் இடரும் உண்டு. 2010ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் யேல் அணியைத் திரினிற்றி ஆறுக்கு மூன்று என வென்றது. அன்று ஆட்டத்தை முடித்த திரினிற்றியின் முதலாம் நிலை வீரர் வெற்றிக் களிப்பிலே தோற்ற யேல் வீரரின் முகத்துக்கு நேரே உரக்கக் கூவினார். ஓராண்டுக்கு முன் பெரும்புகழ் பெற்ற சௌத்திரியே அவர். இக்காட்சி தொலைக்காட்சியிலே நாடெங்கும் காட்டப்பட்டது. அதுவரை சுவர்ப்பந்தைக் கண்டிராத பலர் முதன்முதலாகக் கண்டது இவ்விளையாட்டின் அழகையன்று, இந்த ஒரு கணத்தையே. சௌத்திரி வருந்தி மன்னிப்புக் கேட்டார். தாம் இரு முறை வென்றிருந்த தனியாட்டப் பட்டத்துக்கான அவ்வாண்டுச் சுற்றுப்போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். பன்னிரண்டாவது பட்டம் வந்தது. ஆனால் அதன் ஒளி மங்கியிருந்தது. பல்லாண்டுக் காலம் ஒரு தொடரைச் சுமப்போரின் உள்ளத்திலே எவ்வளவு அழுத்தம் சேர்ந்திருக்குமென்பதை அக்கணம் காட்டிற்று. அழுத்தம் காரணமாகலாம், நியாயமாகாது. அதனை உணர்ந்தமையாலேயே அவர் விலகினார் எனலாம்.

இவ்வழுத்தத்தின் தன்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்லூரி வாழ்க்கை நான்காண்டு. 1998இல் தோற்ற மாணவர் சில ஆண்டுகளிற் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டனர். அவர்களுக்குப் பின் வந்தோரும் சென்றனர். அவர்களுக்குப் பின் வந்தோரும் சென்றனர். 2011ஆம் ஆண்டில் முதலாண்டு மாணவராக வந்த இளைஞர், தொடர் தொடங்கிய காலத்தில் நான்கைந்து வயதுக் குழந்தைகள். தாம் தொடங்காத ஒன்றை அவர்கள் காக்கவேண்டியிருந்தது. வென்றால், அது முன்னோர் வென்றதன் தொடர்ச்சி. தோற்றால், அது இவர்கள் தோற்றது. முன்னோர் தேடிய பெருஞ்செல்வத்தைக் கையில் வாங்கிய பிள்ளையின் நிலை இதுவே. செலவழித்தான் என்ற பழி அவனுக்கு வரலாம். தேடினான் என்ற புகழ் ஒருநாளும் வராது.

2012ஆம் ஆண்டு ஜனவரி 18ஆந் திகதி, புதன்கிழமை, திரினிற்றி அணி நியூ ஹேவன் நகரத்திலுள்ள யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. இங்கே ஒரு பொருத்தத்தைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்லவியலாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டிலே திரினிற்றிக்கு முன்னர் நீண்ட வெற்றித் தொடருக்குரியது யேலின் நீச்சல் அணியேயாகும். 1945 தொடக்கம் 1961 வரை அது 201 போட்டிகளை அடுத்தடுத்து வென்றது. அந்த எண்ணிக்கையைக் கடந்தே திரினிற்றி தன் பெயரைப் பொறித்தது. யேலின் நீச்சற் குளமும் சுவர்ப்பந்துக் கூடங்களும் பெய்ன் விற்னி எனப்படும் ஒரே பெருங்கட்டடத்தில் உள்ளன. யாருடைய சாதனையைத் திரினிற்றி பறித்ததோ, அவர்களுடைய கூரையின் கீழேயே அன்று அது நின்றது.

போட்டி நான்குக்கு நான்கு என்ற நிலையை அடைந்தது. இத்தகைய நிலை திரினிற்றிக்குப் புதிதன்று. 2006இலும் 2009இலும் இதே இடத்தில் நின்று அது மீண்டிருக்கின்றது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நெருங்கி நின்றோர் அவ்வரலாற்றை அறிவர். ஆனால் வரலாறு பந்தடிப்பதில்லை. அன்று இறுதி ஆட்டம் யேலுக்குச் சென்றது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கிலே திரினிற்றி தோற்றது. யேல் மாணவர் கூடத்துக்குள் பாய்ந்து தம் வீரரைத் தழுவினர். 252இல் அத்தொடர் நின்றது.

அந்தப் பருவம் அத்துடன் முடியவில்லை. நாட்டுப் பட்டம் இன்னும் எஞ்சியிருந்தது. ஒரு போட்டியிலே தோற்றாலும் பதினான்காவது பட்டத்தைப் பெறலாமென்ற நம்பிக்கையோடு திரினிற்றி பெப்ருவரியில் இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே நின்றது பிறின்ஸ்ரன். களமும் பிறின்ஸ்ரனே. மூன்றாண்டுகளுக்கு முன் சான்செஸ் நின்ற அதே இடம். மறுபடியும் நான்குக்கு நான்கு. இம்முறை வெற்றி பிறின்ஸ்ரனைச் சேர்ந்தது. 1993க்குப் பின்னர் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்த பல்கலைக்கழகம் கிண்ணத்தை ஏந்தியது. ஒரே பருவத்தில் திரினிற்றி தன் தொடரையும் இழந்தது, பட்டத்தையும் இழந்தது. இரு தோல்விகளும் ஒரேயோர் ஆட்டத்தின் வேற்றுமையில் வந்தவை. முன்னர் எந்த மயிரிழை அதனைக் காத்ததோ, அதே மயிரிழை இப்பொழுது அதனைக் கைவிட்டது.

இங்கு ஓர் உண்மையை மறத்தல் ஆகாது. திரினிற்றியின் வெற்றித் தொடர் அவ்வணிக்கு மட்டும் பயன் தந்ததன்று. அதனை வெல்லவேண்டுமென்ற வேட்கையால் யேலும் பிறின்ஸ்ரனும் ஹாவாட்டும் தம் தரத்தை ஆண்டுக்காண்டு உயர்த்தின. 1990களில் ஒருவராலும் எட்டமுடியாதிருந்த உயரம் 2012இல் நான்கைந்து அணிகளின் கைக்கெட்டும் உயரமாயிற்று. தன்னை வெல்லக்கூடிய பகைவரைத் தானே வளர்த்துவிடுதல் பெருந்திறமையின் விதியாகும். அது திறமையின் குறையன்று, அதன் கொடை.

தோற்ற அணி என்ன செய்தது? அடுத்த ஆண்டே, 2013இல், அது நாட்டுப் பட்டத்தை மீட்டது. எதிரணி ஹாவாட். 1998இல் திரினிற்றியைத் தோற்கடித்த அதே ஹாவாட்டை வென்றே அது மீண்டும் எழுந்தது. பின்னர் 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் பெற்றது. அசியான்ரி 2023இல் ஓய்வு பெற்றபோது அவருடைய காலத்திற் பெற்ற நாட்டுப் பட்டங்கள் பதினேழு. அவற்றுள் பதின்மூன்று தோல்வியறியாத காலத்தைச் சேர்ந்தவை. நான்கு தோல்வியை அறிந்த பின்னர் வந்தவை. பெருமை மிக்கவை எவை என்று வினவினால், அந்த நான்கையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2013ஆம் ஆண்டு மாணவர் யாருடைய செல்வத்தையும் காக்கவில்லை. தமக்கென்று ஒன்றைத் தேடினர்.

சுவர்ப்பந்தாட்டம் 2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் நடைபெறவுள்ள ஒலிம்பிக் விழாவில் முதன்முறையாக இடம்பெறுமென அறிவிக்கப்பட்டுள்ளது. அதுவரை சிறு கூடங்களுள் அடங்கியிருந்த ஆட்டத்தை உலகம் முழுவதும் காணும். அங்கே விளையாடவிருப்போருள் அமெரிக்கக் கல்லூரி அணிகளிற் பயின்று வந்தோரும் இருத்தல் கூடும். ஒன்பதாம் நிலையிலே நின்று, தன் பெயரை எவரும் அறியாதிருந்தும், அணிக்காக ஐந்தாங் கட்டத்தை வென்று கொடுத்த மாணவர் அங்கே இரார். ஆயினும் 252 என்ற அந்த எண்ணிக்கையில் அவர்களுடைய பங்கே பெரிது. அவர்களுட் பலர் இன்று பல நாடுகளிலே பல தொழில்களைப் புரிந்துகொண்டு, அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் தாம் காத்துக் கொடுத்த நான்காண்டுகளை நினைத்துக்கொள்வார்கள்.